அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு வாரம் ஆகிறது. மூளையைக் காக்கும் ஊசி என்று ஒன்று இருக்கிறதா?

பால்வெட்டுக்காரர் மகன் (குலசேகரம் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 59 வயது. முப்பது வருடத்துக்கு மேலாக ரப்பர் பால்வெட்டுதான் தொழில். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை ஐந்து மணி இருக்கும். நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையை வெட்டிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து கத்தி விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார், விரல் பிடிக்கவில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஆறரை மணிக்குத்தான் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, பித்தம் தலைக்கு ஏறியிருக்கும் என்று அம்மா கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தாள். அது கடைவாய் ஓரமாக வழிந்தது. அப்புறம் மாமா வந்து, இது வாதம், நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் காட்டலாம் என்றார். ஆட்டோ பிடித்துப் போனோம். அந்த ஆசான் முகத்தைப் பார்த்ததுமே, "இது என் கையில் நிற்கிற காரியம் இல்லை, ஒரு நிமிஷமும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சிடி ஸ்கேன் எடுக்கும்போது மணி பத்தே முக்கால். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கலாம் என்றார்கள்.

இப்போது வலது கை தூக்க முடிகிறது, விரல் பாதிதான் விரிகிறது. கம்பு ஊன்றி நடக்கிறார். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. ஆனால் அவர் வாயிலிருந்து வருவது "சரி", "அது வந்து", இந்த இரண்டும்தான்.

ஒரு சொந்தக்காரர் மூலமாக ஓர் இடத்தின் போன் நம்பர் கிடைத்தது. ஸ்டெம் செல் ஊசி, மூன்று தடவை, மொத்தம் 2,40,000 ரூபாய். செத்துப்போன மூளைச் செல்லை அது திரும்ப வளர்க்கும், ஆனால் ஆறு மாதம் தாண்டினால் பலன் இல்லை என்கிறார்கள். எங்களுக்கு 12 சென்ட் நிலம் இருக்கிறது, கேட்டு ஆள் வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் சிட்டிகோலின் என்று ஒரு மாத்திரையும் இருக்கிறது. மற்ற எல்லா மாத்திரையும் சேர்ந்தாலும் அதன் விலைக்கு வராது. அதைத் தொடர வேண்டுமா?

இன்னொன்று. ஒரு நிமிஷத்துக்கு இத்தனை லட்சம் செல் சாகும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தக் காப்பி போட்ட நேரத்தைத் தனியாகக் கணக்குப் பண்ணுகிறாள். அவளிடம் என்ன சொல்வது?


குளச்சல் கரை:

தம்பி, நிலத்தை விற்க அட்வான்ஸ் மட்டும் இப்போதைக்கு வாங்கிவிடாதீங்க. என் அண்ணனுக்கு வள்ளத்தில் வைத்தே வந்தது. கரைக்கு வந்து சேரவே மூன்று மணி நேரம். இந்தப் பக்கத்தில் தக்கலைக்கார அக்கா ஒருத்தர் எழுதுவார், எலி மூளையில் இதே ஆராய்ச்சி செய்தவர். அவர் வருகிற வரை பொறுங்கள்.


தக்கலை அக்கா:

தம்பி, முதலில் உங்கள் அம்மாவுக்கு. ஊசிக்கு அப்புறம் வருகிறேன்.

நான் ஆறு வருடம் வெளி மாநிலத்தில் ஒரு மூளை ஆய்வகத்தில் இருந்தேன். எலிக்கு ஸ்ட்ரோக் வரவைத்து, மருந்து கொடுத்து, மூளையில் எவ்வளவு பிழைத்தது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. மயக்கம் கொடுத்து, கழுத்து ரத்தக்குழாய் வழியாக நுனி மழுங்கிய மெல்லிய நைலான் நூலை மேலே செலுத்தி, மூளையின் நடுத் தமனி பிரியும் இடத்தை அடைப்போம். 1989-ல் பிரபலமான முறை, இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் அதுதான். மறுநாள் மூளையை எடுத்து 2 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி டிடிசி என்ற கரைசலில் போட்டு வைத்தால், உயிருள்ள இடம் சிவந்துவிடும். செத்த இடம் வெள்ளையாகவே கிடக்கும். அந்த வெள்ளையின் பரப்பைத்தான் அளப்போம்.

அப்படி நூற்றுக்கணக்கான மூளையைப் பார்த்தவள் நான். 2017-ல் ஒரு ராத்திரி என் அம்மா போனில், "இடது கை மரத்துக் கிடக்கு மக்களே, டம்ளர் நழுவுது" என்றபோது, "கை மேல படுத்திருப்பீங்க, கொஞ்சம் தேய்ச்சுவிட்டுத் தூங்குங்க" என்று சொன்னேன். காலையில் தங்கை போய்ப் பார்க்கும்போது அம்மாவால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. இதையே தொழிலாகச் செய்த நான் கோட்டைவிட்டேன். உங்கள் அம்மா விடியற்காலையில், லைட் வெளிச்சத்தில், தனக்குத் தெரிந்ததைச் செய்தார். அவரைக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அந்த நிமிஷக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பாதி உண்மையாக ஊரெல்லாம் சுற்றுகிறது. 2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் போட்ட கணக்கு அது: நிமிஷத்துக்கு 19 லட்சம் நியூரான், அதாவது மூளை நரம்புச் செல். பெரிய குழாய் ஒன்று அடைத்து, சிகிச்சையே இல்லாமல், பத்து மணி நேரத்தில் முழுதாக முற்றும் ஒரு சராசரி ஸ்ட்ரோக்குக்கு அது பொருந்தும். 2019-ல் வேறு சிலர் நோயாளிக்கு நோயாளி தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு நிமிஷத்துக்கு 35,000-க்கும் குறைவு, சிலருக்கு 2 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு வித்தியாசம். பக்கத்துக் கிளைக் குழாய்கள் எவ்வளவு ரத்தம் கொண்டுவந்து காப்பாற்றின என்பதைப் பொறுத்தது அது. ஆகவே காப்பி போட்ட பத்து நிமிஷத்தில் எத்தனை செல் போயிற்று என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது என்று ஆம்புலன்ஸ்காரரையும் டாக்டரையும் விரட்டத்தான் அந்தக் கணக்கு. ஒரு தாய் தன் தலையில் போட்டுக்கொள்ள அல்ல.

இனி மூளையைக் காப்பது பற்றி.

பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் கால்வாயில் ஒரு மடை அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். மடையை மட்டுமே நம்பியிருக்கும் வயல் சீக்கிரமே வெடித்துவிடும். சுற்றியிருக்கும் வயல்களுக்கு அடுத்த கால்வாயிலிருந்து கசிவு கொஞ்சம் வரும். பயிர் வாடும், தலை சாயும், ஆனால் சாகாது. மடை திறந்தால் நிமிர்ந்துவிடும், திறக்காவிட்டால் அதுவும் போய்விடும். மூளையில் அந்த வாடிய வயலுக்கு 1981-ல் வைத்த பெயர் பெனம்ப்ரா. கரைக்கும் ஊசி, தொடை வழியாகக் குழாயை விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பது எல்லாம் மடையைத் திறக்கிற வேலை. ஊசி 1995-ல் மூன்று மணி நேரத்துக்குள் என்று நிரூபணம் ஆகி, 2008-ல் நாலரை மணி நேரம் ஆனது. கட்டியை இழுத்து எடுப்பது 2015-ல் நிரூபணம் ஆனது. 2018-ல், ஸ்கேனில் வாடிய பகுதி இன்னும் மிச்சம் தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்றானது. உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தியிருக்குமா என்று அன்றைய ஸ்கேனைப் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். ஒருமுறை கேட்டுவிடுங்கள், மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் தேடியது வேறொன்று. மடை திறக்கிற வரை அந்தப் பயிரைச் சாகாமல் பிடித்துவைக்கும் மருந்து. ரத்தம் நின்றால் செல்கள் தங்களிடம் இருக்கும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை வெளியே கொட்டிவிடும். அது பக்கத்துச் செல்லின் வாசலைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே பாய்ந்து அந்தச் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஓர் இடத்தில் அறுத்தால் போதும் என்று நினைத்தோம். எலியில் அறுக்கவும் செய்தோம். மருந்து கொடுத்த எலியின் துண்டுகள் சிவந்து வரும்போது ஆய்வகமே எழுந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

2006-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. அதுவரை ஸ்ட்ரோக்குக்குச் சோதித்த சிகிச்சைகள் 1,026. அதில் 114 மனிதர்கள் வரை வந்தன. மனிதர்களில் மூளைச் செல்லைக் காப்பாற்றியதாகச் சந்தேகமின்றி நிலைத்தது அவற்றில் ஒன்றும் இல்லை. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 2006-ல் முதல் பெரிய ஆய்வில் பலன் காட்டியது, மறு வருடமே இன்னும் பெரிய ஆய்வில் ஒன்றுமில்லை என்றானது. நேரம் போய்விடுகிறது, அதுதான் காரணமா என்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஆம்புலன்ஸிலேயே மக்னீசியம் ஏற்றினார்கள், 1,700 பேருக்கு ஆய்வு. பெரும்பாலானவர்களுக்கு முதல் மணி நேரத்துக்குள் ஊசி போய்ச் சேர்ந்தது. 2015-ல் முடிவு வந்தது: வித்தியாசமில்லை. 2020-ல் நெரினெடைட் என்ற மருந்து, 1,105 பேர். மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் கரைக்கும் ஊசி போடாதவர்களில் மட்டும் கொஞ்சம் நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. கட்டியைக் கரைக்கிற நொதியே இந்த மருந்தையும் வெட்டிப்போட்டுவிடுகிறது என்றார்கள். அப்புறம் கரைக்கும் ஊசி போடாதவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்விலும் அது நிரூபணமாகவில்லை.

ஏன் இப்படி என்று நிறையச் சொல்லலாம். எங்கள் எலிகள் எல்லாம் இளசு, சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவை. எலி மூளை இரண்டு கிராம்தான், மடிப்பே இல்லாமல் வழவழ என்றிருக்கும். அதில் வெள்ளை நரம்பிழைகள் மிகக் குறைவு, நம் மூளையிலோ கிட்டத்தட்டப் பாதி அதுதான். அடைத்த நூலை நாங்களே நேரம் பார்த்து உருவிவிடுவோம். மருந்தைச் சில நிமிஷத்தில் கொடுத்துவிடுவோம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2020-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு. எலி ராத்திரி விழித்திருக்கும் பிராணி. நாங்கள் ஆபரேஷன் செய்ததெல்லாம் பகலில், அதாவது அது தூங்கும் நேரத்தில். அந்த ஆய்வில் அதே மாதிரி மூன்று சிகிச்சைகளைப் பகலிலும் ராத்திரியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். பகலில் வேலை செய்தன, எலி விழித்திருக்கும் ராத்திரியில் செய்யவில்லை. மனிதர்களுக்கு ஸ்ட்ரோக் அதிகம் வருவது விழித்திருக்கும்போது. உங்கள் அப்பாவுக்கு வந்தது மாதிரி, வேலையில் நிற்கும்போது. ஆறு வருடம் நான் அளந்த ஒவ்வொரு துண்டிலும் அந்த நேரம் இருக்கிறது, ஒருநாளும் அதை நோட்டில் ஒரு காரணமாக எழுதவில்லை.

ஜப்பானில் 2001 முதல் எடரவோன் என்ற காக்கும் மருந்து புழக்கத்தில் இருக்கிறது. சீனாவில் 2020-ல் அதோடு இன்னொன்றைச் சேர்த்து அனுமதித்திருக்கிறார்கள். ஆய்வு நடக்கட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் தம்பி, இவை எல்லாமே முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் தொடங்க வேண்டியவை. ஆறு வாரத்தில் வாடிய வயல் என்று ஒன்று இல்லை. பிழைத்தது பிழைத்துவிட்டது, போனது போய்விட்டது. இப்போது "காக்கும் ஊசி" என்று எவர் சொன்னாலும், காக்க அங்கே எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

ஸ்டெம் செல்லுக்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் தலைமையில் ஐந்து இடங்களில் 120 ஸ்ட்ரோக் நோயாளிகள். பாதிப் பேருக்கு அவர்களுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுத்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். 2014-ல் முடிவு வந்தது. கெடுதல் இல்லை, ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி ஸ்ட்ரோக்குக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் கொடுக்கலாம், அந்த ஆய்வில் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அந்த நம்பருக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்கள் ஆய்வுக்கு சிடிஆர்ஐ பதிவு எண் என்ன?" இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் அரசுப் பதிவேடு அது. பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். 12 சென்ட்டை விற்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சிட்டிகோலின்: 2012-ல் 2,298 பேரை வைத்து ஐரோப்பாவில் பெரிய ஆய்வு நடந்தது. முதல் நாளிலேயே தொடங்கி ஆறு வாரம் கொடுத்தார்கள். பலன் தெரியவில்லை. இதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம், "ஆறு வாரம் ஆயிற்று, இதை நிறுத்தலாமா, கைக்கு மிச்சமாகும்" என்று நேராகக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். எந்த மாத்திரை எது என்று மாறிப்போய், பிரஷர் மாத்திரையோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ கொழுப்பு மாத்திரையோ நின்றுவிட்டால் ஆபத்து. 2001-ல் 6,105 பேரை வைத்து ஓர் ஆய்வு. ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குப் பிரஷரை மாத்திரையால் இறக்கினபோது அடுத்த ஸ்ட்ரோக் 28 சதவீதம் குறைந்தது. மூளையைக் காக்கும் மருந்து எது என்று கேட்டீர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் அந்தச் சின்ன மாத்திரைதான். அப்பாவுக்கு இப்போது பிரஷர் எவ்வளவு? அதை நீங்கள் எழுதவே இல்லை.


மார்த்தாண்டம் சந்தை:

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் என் சித்தப்பா மகனுக்கு இரண்டாவது மாதம் அந்த ஊசி போட்டார்கள், நாலாவது மாதம் பைக் ஓட்டினான். கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?


தக்கலை அக்கா:

அண்ணே, அவர் எழுந்து நடந்தது உண்மை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல் மூன்று மாதத்தில்தான் பெரும்பாலானவர்களுக்கு வேகமாகத் திரும்பும். மூளையில் வீக்கம் வடியும், மிச்சமிருக்கும் நரம்புகள் புதுத் தொடர்பு போடும். என் அம்மாவும் எந்த ஊசியும் இல்லாமல் நாலாவது மாதம் தானாகவே மாடிப்படி ஏறினார். அந்த நேரத்தில் ஊசி போட்டால் ஊசிக்குப் பேர், கஷாயம் கொடுத்தால் கஷாயத்துக்குப் பேர். அதனால்தான் ஆய்வில் போடாதவர்கள் ஒரு பாதி வேண்டும். 120 பேரில் அந்த இன்னொரு பாதியும் அதே அளவு எழுந்தது. தொலைபேசியில் "ஆறு மாதம் தாண்டினால் பலன் இல்லை" என்று அவசரப்படுத்துவதும் இந்த மாதங்களுக்குள் காசை வாங்கிவிடத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.


பால்வெட்டுக்காரர் மகன்:

அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பதிவு எண் கேட்டேன். "டாக்டர் பேசுவார்" என்றார்கள். பேசவில்லை. நிலம் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்தோம், 168/96. ஒரு மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தினமும் கருவாடு இல்லாமல் மரச்சீனிக் கிழங்கு இறங்காது, அதையும் அம்மா இப்போது நிறுத்திவிட்டாள். இன்னும் சில கேள்வி. ஆசான் தைலம் தேய்க்க வரட்டுமா என்று கேட்கிறார், அன்று திருப்பி அனுப்பியவரே. இரண்டாவது, வீட்டில் நாங்களே பயிற்சி கொடுத்தால் போதுமா? ஆட்டோவுக்கே ஒரு தடவைக்கு 400 ரூபாய் ஆகிறது.


தக்கலை அக்கா:

அந்த ஆசானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அன்று அவர் செய்ததைவிட நல்ல வைத்தியம் யாரும் செய்யவில்லை. நம் ஊரில் ஒவ்வோர் ஆசானும் அப்படியே திருப்பி அனுப்பினால் எத்தனையோ கைகள் பிழைக்கும். வரட்டும், இளஞ்சூட்டில் மெதுவாகத் தேய்க்கட்டும். ஆனால் வலது தோளைப் பிடித்து இழுக்கவோ சொடக்கு எடுக்கவோ கூடாது. தளர்ந்த தோள் மூட்டு சுலபமாக இறங்கிவிடும், அப்புறம் அந்த வலியே பயிற்சியைக் கெடுக்கும். சூட்டுக் கிழி வேண்டாம். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. உள்ளுக்கு எந்தச் சூரணமும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

பயிற்சிக்கு வருகிறேன். எனக்கு ஊசியைவிட இதில் நம்பிக்கை அதிகம், ஏன் என்று சொல்கிறேன். 1996-ல் ராண்டால்ஃப் நூடோ என்பவர் அணில் குரங்குகளின் மூளையில், கையை இயக்கும் இடத்தில் சின்ன ஸ்ட்ரோக் உண்டாக்கினார். சும்மா விட்ட குரங்குகளுக்குச் செத்த இடத்தைச் சுற்றி நன்றாயிருந்த பகுதியிலும் கைக்கான இடம் சுருங்கியது. சின்னக் குழியிலிருந்து தீனியை விரலால் எடுக்கத் தினமும் பழக்கிய குரங்குகளுக்கு அது சுருங்கவில்லை. சிலவற்றில் முழங்கை, தோளுக்கான இடத்துக்குள்ளும் கை பரவியது. பிழைத்த பகுதியைக் காப்பாற்றுவது என்றால் இதுதான். கையை உபயோகிக்காமல் மடியில் போட்டுவைத்தால், உயிரோடு இருக்கும் இடமும் வேறு வேலைக்குப் போய்விடும்.

ஆனால் "வீட்டிலேயே போதுமா" என்பதற்கு நேர்மையான பதில், போதாது. லூதியானா சிஎம்சி உள்பட இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்து இதையே சோதித்தார்கள். குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டில் அவர்களே பயிற்சி தருவது. 2017-ல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பைவிட அது கூடுதலாக எதுவும் செய்யவில்லை. எனக்கு அதைப் படித்து வருத்தமாகத்தான் இருந்தது, நம் வீடுகளுக்கு ஏற்றது என்று நம்பியிருந்தேன். ஆகவே எல்லாவற்றையும் அம்மா தலையில் வைக்காதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். பிரஷர் பார்த்த அதே சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், கொடுத்துவிட்டு விடாமல் கேளுங்கள். அவர் என்ன செய்யச் சொல்கிறாரோ அதை மற்ற நாளில் நீங்கள் பிடித்துச் செய்ய வையுங்கள்.

நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, தளர்ந்த கையையே நாள் முழுக்க உபயோகிக்க வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. 2006-ல் 222 பேரிடம் செய்து பலன் கண்டது, ஸ்ட்ரோக் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆனவர்கள். ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரிய வேண்டும். அப்பாவுக்கு விரிகிறது என்கிறீர்கள். பிசியோ வந்ததும் கேளுங்கள். கம்பு ஊன்றி நடக்கும்போது மட்டும் உறை வேண்டாம், விழுந்துவிடுவார்.

பேச்சு: கோயில் பாட்டோ ஜெபப் பாட்டோ, சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒன்றை அவரோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். பேச வராதவர்களில் பலருக்குப் பாட்டில் சொல் வரும். வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், வராவிட்டால் அவரை வற்புறுத்தவும் வேண்டாம். நீங்கள் கேட்கும் கேள்விகளை "ஆமா, இல்லை"யில் பதில் சொல்கிற மாதிரிக் கேளுங்கள். மற்றவர்கள் முந்திக்கொண்டு அவருக்காகப் பேச வேண்டாம்.

இன்னொன்று, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு. முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் வாயில் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். கத்தி விழுந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு: காய்ச்சல் பார்த்தீர்களா, சர்க்கரை பார்த்தீர்களா, விழுங்க முடிகிறதா என்று சோதித்தீர்களா. ஆஸ்திரேலியாவில் 19 ஸ்ட்ரோக் பிரிவுகளை எடுத்து, அதில் 10 இடங்களில் நர்ஸுகள் முதல் 72 மணி நேரம் இந்த மூன்றையும் விடாமல் கவனித்தபோது, மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து கிடந்தவர்களும் சேர்ந்து 42 சதவீதம், வழக்கம்போலக் கவனித்த இடங்களில் 58. 2011-ல் வந்தது. புது மருந்து எதுவும் இல்லை. ஒரு தெர்மாமீட்டர், ஒரு சர்க்கரை மெஷின், விழுங்கிப் பார்க்கக் கொஞ்சம் தண்ணீர். 1,026 மருந்தைத் தேடிய எங்கள் கூட்டத்தில் ஒருத்தியாக இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.


பால்வெட்டுக்காரர் மகன் (ஐந்து வாரம் கழித்து):

பிசியோ அக்கா செவ்வாய்க்கிழமை வருகிறார். பிரஷர் 138/84. சிட்டிகோலினை டாக்டரே நிறுத்திவிட்டார். உறை போடுவதற்கு இன்னும் விரல் விரிய வேண்டுமாம், அதற்குச் சிரட்டையை அடுக்கி அடுக்கி எடுக்க வைக்கிறார். நாற்பது சிரட்டை, காலையும் சாயந்திரமும். பாட்டில் இரண்டு வரி முழுதாக வந்தது, பேச்சில் இன்னும் வரவில்லை. அம்மா பேரை மட்டும் ஒரு தடவை சொன்னார்.

நேற்று ரப்பர் ஷீட் அடிக்கும் புரைக்குள் போய்த் தன் வெட்டுக்கத்தியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாங்கப் போனால் தரவில்லை. கொடுக்கலாமா அக்கா?


தக்கலை அக்கா:

கத்தி வேண்டாம் தம்பி, அந்தக் கையில் பிடி நழுவினால் காலில் விழும், பட்டது தெரியாமலும் போகும். ஆனால் வாங்கி ஒளித்து வைக்காதீர்கள். அதே நீளத்தில், அதே கனத்தில், மரத்தில் மழுங்கலாக ஒன்று செதுக்கச் சொல்லுங்கள். வாழைத்தடை ஒன்றை அவர் நெஞ்சு உயரத்தில் கட்டிவைத்து அதில் இழுக்கட்டும். நீங்கள் பின்னால் நிற்க வேண்டும். முப்பது வருடம் அந்தக் கை ஆயிரக்கணக்கான தடவை செய்த ஒரே அசைவு அது, சிரட்டையைவிட அந்தக் கைக்குப் பழக்கமானது. பிசியோவிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அவர் எந்தப் பக்கமிருந்து இழுப்பார்? தடையை அதற்கேற்றபடி சாய்த்துக் கட்ட வேண்டும்.


பால்வெட்டுக்காரர் மகன்:

இடது மேலேயிருந்து வலது கீழே. பட்டையில் எல்லாருமே அப்படித்தான் இழுப்பார்கள். நாளைக்கே ஆசாரியிடம் கேட்கிறேன்.